கேமரா பெரிதா, கண் பெரிதா? மா. கிருஷ்ணன் காட்டிய வழி

பழைய பிலிம் கேமராக்களுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைக்குப் போனால், தாத்தா காலத்துக் கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் இளைஞர்களைக் காணலாம். புகைப்படத்தில் ஆர்வம் உள்ள மாணவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான் எழுகிறது. பிலிம் வாங்குவதா? டிஜிட்டல் வாங்குவதா? பிடிபிடிஎன் கடனில் படிக்கும் மாணவருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. தவறாக வாங்கினால் ஒரு பருவத்துச் சாப்பாட்டுக் காசு போய்விடும்.

இந்தக் கேள்வியோடு கடைக்குப் போகும் முன் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். யானைகளையும் பறவைகளையும் அரை நூற்றாண்டுக் காலம் படம் பிடித்தார். ஆனால் நாம் கனவு காணும் விலையுயர்ந்த கேமரா அவரிடம் இருந்ததில்லை. அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

எழுத்தாளரின் கடைக்குட்டி

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தை அ. மாதவையா, தமிழ் நாவலின் தொடக்க கால எழுத்தாளர்களில் ஒருவர். 'பத்மாவதி சரித்திரம்' அவர் எழுதியதுதான். உப்புத் துறையில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1925இல், சென்னைப் பல்கலைக்கழக செனட் சபையில் தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்ததும் அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வசித்தது. இன்று அங்கே அடுக்குமாடிகளும் போக்குவரத்து நெரிசலும்தான். அந்தக் காலத்தில் சுற்றிலும் புதரும் மரமும் இருந்தன, நரிகள்கூட நடமாடின. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். இயற்கையைத் தேடி அவன் எங்கும் போகவில்லை, அது வீட்டு வாசலிலேயே இருந்தது.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். அவரோடு மலைப் பயணங்களுக்குப் போன கிருஷ்ணன் செடிகொடிகளை உற்றுப் பார்க்கக் கற்றார். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் பழகினார். ஒரு பறவையை வரைய வேண்டுமென்றால் அதன் கழுத்து எப்படி வளைகிறது, நிற்கும்போது எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதையெல்லாம் முதலில் கவனிக்க வேண்டும். கேமராவுக்கு வேண்டிய கண் அந்தத் தூரிகையில்தான் பழகியது என்று சொல்லலாம்.

சண்டூர் நாட்கள்

படிப்பு முடிந்ததும் நல்ல வேலை உடனே கிடைத்துவிடவில்லை. பட்டம் பெற்றார், சட்டமும் படித்தார். ஆனாலும் நிலையான வேலை அமையவில்லை. பட்டம் வாங்கிய பிறகும் வேலை தேடி அலையும் நம் தலைமுறைக்கு இந்தக் கதை புதிதல்ல.

1942இல் பெல்லாரிக்கு அருகில் இருந்த சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. வேலை எதுவானாலும், ஓய்வு நேரம் சண்டூரைச் சுற்றியிருந்த மலைகளுக்கும் காட்டுக்கும்தான். பெரிய சரணாலயம் எதுவும் இல்லாத இடம் அது. ஆடு மேய்ப்பவர்களும் கிராமத்து நாய்களும் புறாக்களும் புதர்க்காட்டு விலங்குகளுமே அவருக்குப் பாடமாக இருந்தன.

1949இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். வயது 37, குடும்பம் இருந்தது. ஆனாலும் வேறு வேலைக்குப் போகவில்லை. எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்வதென்று இறங்கினார். 1950இல் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். அது 46 ஆண்டுகள் இடைவிடாமல் வந்தது. புலியும் யானையும் மட்டும் அதில் இடம்பெறவில்லை. காக்கை, அணில், பல்லி, தெருநாய் என்று நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோகும் உயிர்களைப் பற்றியும் எழுதினார். தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். இரண்டு மொழிகளில் படிக்கும் நமக்கு இதுவும் ஒரு முன்மாதிரி.

ஒட்டுப்போட்ட கேமரா

இப்போது கேமராவுக்கு வருவோம். எழுத்து வருமானத்தில் வாழ்பவருக்குப் புதிய ஐரோப்பியக் கேமராவும் நீண்ட லென்சும் எட்டாக்கனி. அதனால் கிருஷ்ணன் தனக்கு வேண்டியதைத் தானே பொருத்திக்கொண்டார். கேமராவின் உடல் ஒரு நிறுவனத்துடையது, தொலைவில் உள்ளதைக் கிட்டே காட்டும் லென்ஸ் வேறொரு நிறுவனத்துடையது. மற்ற பாகங்கள் அங்கங்கே கிடைத்தவை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டக்காரரும் காட்டுயிர் ஆர்வலருமான இ. பி. ஜீ அந்தக் கேமராவைக் கண்டு வியந்து, தம் நூலில் அதைப் பற்றி நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தக் கேமரா எடுத்த படங்களைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. முதுமலைக் காடுகளில் பழக்கிய யானையின் மேல் அமர்ந்து காட்டு யானைக் கூட்டங்களை நெருங்கிப் படமெடுத்தார். அவர் படங்களில் விலங்கு மட்டும் தனியாக நிற்பதில்லை. அது வாழும் புல்லும் மரமும் நீரும் சேர்ந்தே இருக்கும்.

பிலிமின் கணக்கையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படம். அகலமான 120 வகைச் சுருளில், சதுரப் படமாக எடுத்தால் 12 படம்தான். எடுத்த படம் சரியா என்பது சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும். காட்டிலிருந்து வீடு திரும்பும் வரை அது தெரியாது. ஆகவே பொத்தானை அழுத்தும் முன் விலங்கின் அடுத்த அசைவை ஊகிக்க வேண்டும், அதற்கு அதன் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். பிலிம் அவருக்குப் பொறுமையைக் கொடுத்தது என்று இன்று பலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுமை முன்பே வந்துவிட்டது, கீரியோடும் தூரிகையோடும். பிலிம் அந்தப் பொறுமையைச் சோதித்தது, அவ்வளவுதான்.

ஏன் கருப்பு வெள்ளை?

கிருஷ்ணன் காலத்தில் பிலிமா டிஜிட்டலா என்ற கேள்வி இல்லை. கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவ் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்ததே 1975இல்தான். அது கடைக்கு வந்து சாதாரண மக்களைச் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அன்றைய புகைப்படக்காரர்களின் கேள்வி வேறு. வண்ணமா, கருப்பு வெள்ளையா?

வண்ணம் புதுமை, பத்திரிகைகளும் அதை விரும்பின. ஆனால் 1950களின் புகழ்பெற்ற வண்ணப் பிலிமான கோடாக்குரோமின் வேகம், இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் வெறும் 10. அதாவது நிறைய வெளிச்சம் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். மரநிழலில் அசையும் விலங்குக்கு அது போதாது. கருப்பு வெள்ளைப் பிலிம்களில் அதைவிடப் பல மடங்கு வேகமானவை கிடைத்தன. விலையும் குறைவு. கழுவுவதற்குத் தூரத்து ஆய்வுக்கூடம் தேவையில்லை, வீட்டிலேயே ஓர் அறையை இருட்டாக்கிச் செய்துவிடலாம்.

பின்னாளில் வண்ணப் பிலிம் வேகமாகவும் மலிவாகவும் ஆகி எல்லாரும் அதற்கு மாறினர். கிருஷ்ணன் கடைசி வரை கருப்பு வெள்ளையிலேயே நின்றார். வண்ணம் இல்லாதபோது யானையின் தோல் சுருக்கமும் தந்தத்தின் வளைவும் ஒளியும் நிழலுமாகக் கண்ணில் படுகின்றன. தன் வேலைக்கு எது பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுத்து, அதன் நுணுக்கம் முழுவதையும் கற்றுக்கொண்டவர் அவர். ஊர் மாறியது என்பதற்காக அவர் மாறவில்லை.

படம் சாட்சியாகிறது

1968இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரையிலான நிலையைப் பதிவு செய்த அந்த ஆய்வு 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நூலாக வெளிவந்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1995இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 'குளோபல் 500' பட்டியலில் அவரைச் சேர்த்தது.

விருதுகளைவிட முக்கியமானது அவர் படங்களின் பயன். எந்தக் காட்டில் எந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்பதற்கு அவை சாட்சி. காட்டை அழித்துவிட்டு, இங்கே எதுவும் இருந்ததில்லை என்று பிறகு யாரும் சொல்லிவிட முடியாது. அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடாமல் மண்ணுக்குரிய மரங்களைக் காக்க வேண்டும் என்றும் அவர் ஓயாமல் வாதாடினார்.

1996 பிப்ரவரி 18ஆம் தேதி, 83ஆம் வயதில் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி வெளியானதும் அதே நாளில்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 2006இல், அவர் விட்டுச் சென்ற படங்கள் ஒரு பெரிய நூலாகத் தொகுக்கப்பட்டன. படங்கள் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. கைப்பேசி உடைந்ததும் மூன்று ஆண்டுப் படங்களைத் தொலைக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

காம்பாரிலிருந்து பார்த்தால்

கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதியவர். செங்கல்பட்டுப் பக்கம் உள்ள அந்த ஏரிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்ட வரும். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அறிந்த கிராமத்து மக்கள், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்தனர்.

நம் கிந்தா பள்ளத்தாக்கிலும் அப்படிப்பட்ட நீர்நிலைகள் உண்டு. ஈயம் தோண்டி எடுத்த பிறகு கைவிடப்பட்ட குட்டைகளில் இன்று கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் வாழ்கின்றன. பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கிந்தா இயற்கைப் பூங்கா அப்படி உருவான இடம்தான். காம்பாரிலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் குட்டைகள் இருக்கின்றன. சில தூர்க்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன. ரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்களின் கதையும் அதுவே. தோட்டத்து லயங்களையும் கோயில்களையும் யாரோ ஒருவர் படமெடுத்து வைத்திருந்தால்தான் இன்று நமக்கு அடையாளம் மிஞ்சுகிறது.

அப்படியானால் எந்தக் கேமரா? என் கருத்தைச் சொல்கிறேன். புதிதாகக் கற்பவருக்குப் பழைய டிஜிட்டல் கேமராவே நல்லது. தவறு உடனே தெரியும், திருத்திக்கொள்ளலாம், ஒவ்வொரு படத்துக்கும் காசு போகாது. மங்கிய ஒளியிலும் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுக்கலாம். கிருஷ்ணனுக்குக் கிடைக்காத வசதி இது. பிலிமின் ஒழுங்கு வேண்டுமா? ஒரு நாளைக்கு 12 படம்தான் என்று நீங்களே எல்லை போட்டுக்கொள்ளுங்கள். இருட்டறை வேலையில் உண்மையான ஆசை இருப்பவர்கள், செலவைக் கணக்குப் போட்டுவிட்டுப் பிலிம் கேமரா வாங்கலாம். படவரியில் பழமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

எதுவுமே வாங்க முடியாவிட்டால் கையில் உள்ள கைப்பேசி போதும். வீட்டுக்குப் பக்கத்துக் குட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டு முழுவதும் வாரம் ஒருமுறை அங்கே போய்ப் படமெடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள், இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அந்தக் குட்டை ஒரு நாள் தூர்க்கப்பட்டாலும், அங்கே என்ன வாழ்ந்தது என்பதைச் சொல்ல உங்கள் படங்கள் இருக்கும்.