கண் இழந்த கணித மேதை

இரண்டு கண்களும் தெரியாத ஒருவர் மனத்திலேயே கணக்குப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். இப்படியே நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உருவாயின.

அவர்தான் கணித மேதை ஆய்லர்.

பாதிரியார் மகன்

சுவிட்சர்லாந்து நாட்டில் பாசல் நகரில், 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஆய்லர் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ கணக்கின் மீதுதான் ஆசை.

அந்த ஊரில் யோகான் பெர்னூலி என்ற பெரிய கணிதப் பேராசிரியர் இருந்தார். ஆய்லர் தானே புத்தகங்களைப் படிப்பார். புரியாத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் பெர்னூலியிடம் போய்க் கேட்பார். பையனின் அறிவைக் கண்ட பெர்னூலி, தந்தையிடம் பேசி அவர் மனத்தை மாற்றினார்.

1727-ல், 20 வயதில், ஆய்லர் ரஷ்யாவுக்குப் போனார். பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் வேலை கிடைத்தது. 1734-ல் ஓர் ஓவியரின் மகளான காதரினாவை மணந்தார். 13 குழந்தைகள் பிறந்தன. வளர்ந்து ஆளானவர்கள் 5 பேர்தான்.

1738-ல் வலது கண் பார்வை போயிற்று. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1741-ல் பெர்லின் நகருக்குப் போனார்.

வட்டம் சொல்லும் விடை

1748-ல் அவருடைய புகழ்பெற்ற நூல் ஒன்று வெளிவந்தது. அதற்கு முன், "சைன்" என்பது வட்டத்துக்குள் வரையும் ஒரு கோட்டின் நீளம். வட்டத்தின் ஆரத்தை ஒரு கோடி என்றுகூட வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஆய்லர் ஆரத்தை 1 என்று வைத்தார். கணக்கு எளிதாகிவிட்டது.

முக்கோணத்தில் மைனஸ் கோணம் கிடையாது. ஆனால், வட்டத்தில் உண்டு. எப்படி?

ஆரம் 1 உள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். நடுவில் படுக்கையாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் வலது முனையிலிருந்து, வட்டத்தின் மேலேயே மேல்நோக்கி நகர்ந்தால் அது பிளஸ் கோணம். கடிகார முள் சுற்றுவதுபோலக் கீழ்நோக்கி நகர்ந்தால் மைனஸ் கோணம்.

நின்ற இடத்தின் உயரம்தான் சைன். நடுவிலிருந்து பக்கவாட்டில் உள்ள தூரம் கோசைன்.

30 டிகிரி மேலே போனால் உயரம் அரை; பக்கவாட்டுத் தூரம் சுமார் 0.866. 30 டிகிரி கீழே போனால்? குளக்கரை மரமும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் போலத்தான். பக்கவாட்டுத் தூரம் மாறாது. ஆகவே கோசைன் அதே 0.866. ஆனால், இப்போது கோட்டுக்குக் கீழே இருப்பதால் சைன் மைனஸ் அரை.

சைனைக் கோசைனால் வகுத்தால் டேன்ஜென்ட். சைன் மைனஸ் ஆனதால் டேன்ஜென்ட்டும் மைனஸ் ஆகிவிடும். எந்த மைனஸ் கோணத்துக்கும் இதே விதிதான்.

இருளிலும் உழைப்பு

1766-ல் ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் போனார். விரைவில் இடது கண்ணும் மங்கியது.

அப்போதுதான் அல்ஜீப்ரா நூல் ஒன்றைச் சொல்லி எழுதவைத்தார். எழுதிய இளைஞர் தையல் வேலை கற்றவர். எழுதி எழுதியே அவரும் அல்ஜீப்ரா கற்றுக்கொண்டார்!

1771-ல் ஆய்லரின் வீடு தீப்பற்றி எரிந்தது. பாசல் நகரத்துக்காரர் ஒருவர் உள்ளே பாய்ந்து அவரைக் காப்பாற்றினார். அதே ஆண்டு கண்ணில் அறுவை நடந்தது. பார்வை சிறிது காலம் வந்தது, பிறகு போய்விட்டது. 1773-ல் மனைவியும் இறந்தார். ஆய்லர் கணக்கை விடவில்லை.

1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நாளில், அவர் உயிர் பிரிந்தது. வயது 76.

அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளைக் கழகம் அச்சிட்டு முடிக்கக் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் ஆயின.