வாடாத மலர்கள்

நுழையும்முன்

பூவின் வாழ்நாள் மிகக் குறுகியது. அதன் நிறத்தையும் வடிவத்தையும் காலங்கடந்து நிலைக்கச் செய்ய மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று ஓவியம். வண்ண ஒளிப்படம் தோன்றாத காலத்தில், தென்னிந்தியச் செடிகொடிகளை அவை வாடுமுன் ஓவியமாக்கி உலகறியச் செய்தவர் இராபர்ட் வைட். அவருடைய வரலாறு இந்திய ஓவியர் இருவரின் உழைப்போடு பின்னிப் பிணைந்தது.

கொல்லிமலையில் இளவேனில்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குச் செல்லும் பாதை 70 கொண்டைஊசி வளைவுகளைக் கொண்டது. அப்பாதையில் ஏறிச் சென்றால் செம்மேடு அமைந்துள்ள வாழவந்தி நாட்டை அடையலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை இது. கோடைமழை பெய்து ஓய்ந்த சில நாள்களில் இம்மலையின் காபிச்செடிகள் கிளைதோறும் வெண்ணிறப் பூக்களைச் சொரியும். தொலைவிலிருந்து காண்போருக்கு அது வெண்மை மட்டுமே. குறிப்பேட்டுடன் செடியின் அருகில் அமர்ந்து வரையத் தொடங்குபவருக்கோ வினாக்கள் எழும். இதழ்கள் எத்தனை? அவை அடியில் இணைந்து குழலாகின்றனவா? மகரந்தத்தாள்கள் எங்கே பொருந்தியுள்ளன? விடை காண்பதற்குள் பூ வாடத் தொடங்கிவிடும்.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கினார் கபிலர். பூக்களை உற்றுநோக்கும் மரபு நமக்குப் புதியதன்று. அம்மரபுடைய நிலத்தில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தூரிகையால் மலர்களைப் பதிவுசெய்யும் பெரும்பணி ஒன்று நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவரே வைட்.

மருத்துவர் தாவரவியலாளர் ஆதல்

இராபர்ட் வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். தாவரங்களிலிருந்தே பெரும்பாலான மருந்துகள் பெறப்பட்ட அக்காலத்தில், தாவரவியல் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதியாக விளங்கியது. 1819ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

பணி நிமித்தமாகச் சென்ற இடமெல்லாம் அவர் செடிகளைச் சேகரித்தார். இந்நாட்டினரான சேகரிப்பாளர்களையும் பணியில் அமர்த்தினார். 1826இல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். ஈராண்டுகளில் அப்பதவியே நீக்கப்பட்டது. அவர் நாகப்பட்டினத்திற்கு மருத்துவராக மாற்றப்பட்டார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. தாவரத் தேடல் நாகைக் கடற்கரையிலும் தொடர்ந்தது.

தூரிகையின் தேவை

செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைப்பது தாவரவியலாளரின் வழக்கம். உலர்ந்த செடியில் இலையின் அளவும் நரம்பமைப்பும் எஞ்சும். ஆனால் பூவின் நிறம் மங்கும். சதைப்பற்றுள்ள உறுப்புகள் சுருங்கும். ஆர்க்கிடு போன்ற நுட்பமான மலர்களின் வடிவம் சிதையும். எனவே செடி பசுமையாக இருக்கும்போதே அதனை வரைந்துவிட வேண்டும்.

அவ்வோவியம் அழகிற்காக மட்டும் வரையப்படுவதன்று. கிளையும் இலையும் பூவும் உள்ளது உள்ளவாறு அமைதல் வேண்டும். பூவைப் பிரித்து, அல்லி, மகரந்தத்தாள், சூலகம், விதை ஆகியவற்றைத் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டுதலும் வேண்டும். ஓவியர் பிழை செய்தால் அறிவியலும் பிழைபடும்.

ரங்கையாவும் கோவிந்துவும்

இப்பொறுப்பை ஏற்றவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்கள். 1820களின் பிற்பகுதி முதல் 1845 வரை ரங்கையாவும், அதன்பின் 1853 வரை கோவிந்துவும் வைட்டுக்காக வரைந்தனர். அவர்கள் தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடையவர்களாகக் கருதப்படுகின்றனர். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் பறவைகளும் விலங்குகளும் ஓவியமாக்கப்பட்டன. கண்நோயாளிகளின் கண்களும் மருத்துவக் குறிப்புகளுடன் வரையப்பட்டன. கண்டதைக் கண்டவாறு தீட்டும் பயிற்சி அம்மண்ணில் வேரூன்றியிருந்தது.

ரங்கையாவின் ஓவியங்களை வைட் கிளாஸ்கோவில் இருந்த பேராசிரியர் வில்லியம் ஊக்கருக்கு அனுப்பினார். அவற்றுள் பல அங்கு அச்சேறின. தென்னிந்தியாவைக் கண்டிராத ஐரோப்பிய அறிஞர்கள், இந்திய ஓவியர் ஒருவரின் கண்கள்வழி அதன் மலர்களை அறிந்தனர்.

கல்லில் மலர்ந்த பூக்கள்

1831இல் வைட் விடுப்பில் தாய்நாடு சென்றார். ஏறத்தாழ ஓர் இலட்சம் தாவர மாதிரிகள் அவருடன் கப்பலேறின. அங்கு வாக்கர் ஆர்னட் என்னும் அறிஞருடன் இணைந்து, இந்தியத் தீபகற்பத்தின் தாவரங்களை விளக்கும் நூலின் முதல் தொகுதியை 1834இல் வெளியிட்டார். அவ்வாண்டே இந்தியா திரும்பினார்.

அந்நாளில் தாவர ஓவிய நூல்கள் ஐரோப்பாவில் அச்சாகிப் பெருவிலைக்கு விற்றன. இந்தியாவில் ஊர்ப்புறங்களில் பணியாற்றியவர்களுக்கு அவை எட்டாக்கனி. குறைந்த செலவில் நூல் வெளியிட விரும்பிய வைட், கல்லச்சு முறையைக் கையாண்டார். வழவழப்பான கல்லின்மீது எண்ணெய்ப்பசை கொண்ட மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் அச்சுமையை உருட்டினால் மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் ஓவியம் பதியும். இம்முறையில் 1838 முதல் 1853 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளில் 2,101 ஓவியத் தகடுகள் இடம்பெற்றன. கிழக்கிந்தியத் தாவரங்களின் உருவங்கள் என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரை அந்நூல் தாங்கியது.

இப்பணி ஓய்வு நேரத்தில் ஆற்றப்பட்டது என்பது வியப்பிற்குரியது. 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் கும்பினியின் முயற்சியை வைட் மேற்பார்வையிட்டார். ஆண்டுகள் பல கடந்தும் அம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அரசு இட்ட பணி தோற்றது. ஆர்வத்தால் ஏற்ற பணி நிலைத்தது.

பெயரும் புகழும்

1853இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய வைட், 1871இல் தம் தாவரத் தொகுப்பைக் கியூ தாவரவியல் பூங்காவிற்கு வழங்கினார். அடுத்த ஆண்டு மறைந்தார். பல தாவரங்களின் அறிவியற்பெயர்களில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது.

ஓவியர்களின் நிலை வேறு. அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகள் முறையாகப் பதியப்படவில்லை. எனினும் வைட் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தார். அச்சிட்ட தகடுகளின் அடியில் வரைந்தவர் பெயரைப் பொறித்தார். இந்திய ஓவியர் பலரின் படைப்புகள் பெயரின்றியே வெளியான காலம் அது. மேலும், ஆர்க்கிடு ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயியா எனப் பேரினப் பெயர் சூட்டினார். பிற்கால ஆய்வு அச்செடியை வேறொரு பேரினத்துள் அடக்கியதால், அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் தகட்டின் அடியிலுள்ள பெயரை எந்த ஆய்வும் அழிக்கவில்லை. அவ்வெழுத்துகளே பின்னாளில் ஆய்வாளர்களை அவ்விருவரிடம் அழைத்துச் சென்றன. 2007இல் என்றி நோல்டி என்னும் எடின்பரோ அறிஞர், வைட்டைப் பற்றியும் அவருடைய ஓவியர்களைப் பற்றியும் விரிவான நூல்களை வெளியிட்டார்.

வைட் செடிகளைத் தேடினார். ஓவியர்கள் அவற்றைக் கண்ணால் ஆய்ந்தனர். இரண்டும் கூடியதால் அறிவு பிறந்தது. ஒருவர் பெயரால் வழங்கும் பெரும்பணிக்குப் பின்னே பலர் கைகள் உள்ளன. அக்கைகளுக்குரியோர் பெயரையும் எழுதி வைப்பது கற்றோர் கடமை. வாழவந்தி நாட்டில் அடுத்த இளவேனிலிலும் பூக்கள் மலரும், வாடும். உற்றுநோக்கும் கண்ணும் உண்மை வழுவாத கையும் அவற்றுக்கு நெடுவாழ்வு அளிக்கும்.

தெரியுமா?

ஒளிப்படக்கலை 1839ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. தொடக்ககால ஒளிப்படங்களால் மலர்களின் நிறத்தைக் காட்ட இயலவில்லை. இன்றும் புதிய தாவரங்களை விவரிக்கும் ஆய்வுகளில், உறுப்புகளைத் தெளிவாகப் பிரித்துக்காட்டக் கோட்டோவியங்கள் பயன்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இளவேனிற்காலத்தில் மலரும் பூ ஒன்றைப் பறிக்காமல், செடியின் அருகில் அமர்ந்து வரைக. வரைந்த நாள், இடம், பூவின் வட்டாரப் பெயர் ஆகியவற்றையும் உங்கள் பெயரையும் ஓவியத்தின் அடியில் எழுதுக.

2. அப்பூவை மூன்று நாள்கள் தொடர்ந்து வரைந்து, நிறத்திலும் வடிவத்திலும் நேர்ந்த மாற்றங்களை ஒரு பத்தியில் விளக்குக.