மதுக்கிடங்கில் ஓர் ஆய்வுக்கூடம்

பொறியியல் கல்லூரிகளில் கருவிகளும் அளவீடும் பற்றிய பாடம் பலருக்கும் சலிப்பூட்டுவது. மூத்த மாணவரின் ஆய்வேட்டைப் பார்த்து எண்களை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். இதைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பிறர் திரட்டிய புள்ளிவிவரங்களைக் கொண்டே பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவன் நான். அதனாலேயே கெல்வின் பிரபுவின் வாழ்க்கை என்னை உறுத்துகிறது.

1824-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்த வில்லியம் தாம்சன், தமது 22-ஆம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கெல்வின் பிரபு என்னும் பட்டம் 1892-இல் வந்தது. அந்நாளில் பேராசிரியர் சோதனையைச் செய்துகாட்டுவார், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாம்சனோ பயன்படாமல் கிடந்த பழைய மதுக்கிடங்கு ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி, கருவிகளை மாணவர்களின் கையிலேயே கொடுத்தார். தாமாக முன்வந்து உழைத்த அவர்களில் பெரும்பாலோர் சமயக் கல்வி பயிலப் போகிறவர்கள் என்பது வியப்பு!

கடலடித் தந்திக் கம்பிக்கான செம்பு, மாதிரிக்கு மாதிரி கடத்துதிறனில் பெரிதும் வேறுபட்டதை அவர் அளந்து கண்டார். 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் கம்பி இடப்பட்டது. மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் ஆடிக் கால்வனாமீட்டரைத் தாம்சன் உருவாக்கியிருந்தார். ஆனால், தந்தி நிறுவனத்தின் மின்னியலாளர் சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். சில வாரங்களிலேயே கம்பி ஊமையாயிற்று. 1866-இல்தான் நிலையான இணைப்பு கிடைத்தது.

அளவீட்டின் ஆசானும் சறுக்கினார். பூமி குளிரும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என 1897-இல் அறிவித்தார். இன்றைய கணக்கு ஏறத்தாழ 454 கோடி. கணிதத்தில் பிழையில்லை, உள்ளே வெப்பம் கெட்டிப் பாறை வழியாக மட்டுமே கடத்தப்படுகிறது என்ற அனுமானத்தில்தான் பிழை. அதை 1895-இலேயே சுட்டிக்காட்டியவர், முன்பு அவரிடம் உதவியாளராக இருந்த பொறியியலாளர் ஜான் பெர்ரி. குரு ஏற்கவில்லை. அனுமானங்களின் மேல் மாளிகை கட்டும் எங்கள் துறையினருக்கு இந்தப் பிடிவாதம் புதிதன்று.

53 ஆண்டுகள் கற்பித்துவிட்டு 1899-இல் ஓய்வுபெற்ற கெல்வின், அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகப் பெயரைப் பதிந்துகொண்டார். நான் ஓய்வுபெற்ற அன்று, நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.