கமுகைக் காத்த கோல்மன்

வெற்றிலை பாக்கு இல்லாமல் நம் வீடுகளில் எந்த விசேஷமும் நடப்பதில்லை. அந்தப் பாக்கை மழைக்காலத்து நோயிலிருந்து காக்க வழி கண்டவர் கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர். அவர்தான் டாக்டர் லெஸ்லி கோல்மன்.

1878-ல் கனடாவில் பிறந்த கோல்மன், ஜெர்மனியில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1908-ல் மைசூர் சமஸ்தானத்தில் பூசண, பூச்சியியல் நிபுணராகச் சேர்ந்தார்.

அப்போது மலைநாட்டுக் கமுகுத் தோட்டங்களைக் கொளெரோகா என்னும் அழுகல் நோய் ஆட்டிப் படைத்தது. அடைமழையில் பிஞ்சுகள் அழுகி உதிரும். ஒரு வருஷத்து உழைப்பு தரையில் கிடக்கும். விவசாயிகள் குலைகளுக்கு உறை கட்டிப் பார்த்தார்கள்.

கோல்மன் நுண்பெருக்கியின் கீழ் அழுகிய காய்களை ஆராய்ந்தார். காரணம் பைட்டோப்தோரா வகைப் பூசணம் என்று 1910-ல் எழுதி, கமுகின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இந்த வகைப் பூசணத்துக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. ஆனால் ஆண், பெண் உறுப்புகள் உண்டு. ஆண் உறுப்புக்கு ஆந்தரிடியம் என்று பெயர். அது வெறும் கண்ணுக்குத் தெரியாத சிறு பை. இவற்றில் பல இனங்களில் பெண் உறுப்பு ஆந்தரிடியத்தைத் துளைத்து வளர்ந்து, மேலே உருண்டையாகத் திரளும். ஆண் உறுப்பு அதன் அடியில் கழுத்துப்பட்டை போல நிற்கும். இரண்டும் கூடிப் பிறக்கும் தடித்த தோலுள்ள வித்து வறட்சியையும் தாங்கும். இனம் பிரிக்க நிபுணர்கள் பார்க்கும் அடையாளங்களில் இந்த உறுப்புகளும் முக்கியமானவை. டப்ளினில் பணியாற்றிய பெதிபிரிட்ஜ், 1913-ல் கமுகுப் பூசணத்தைத் தனி இனமாகவே பிரித்தார்.

மழையில் நோயைப் பரப்புவது வேறு வகை வித்து. அது ஆண், பெண் சேர்க்கையின்றிப் பிறந்து, நீர்த்துளியில் நீந்திக் காயைத் தொற்றும். எனவே நோய் வந்தபின் மருந்து தேடுவதில் பயனில்லை. மழைக்கு முன்பே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் குலைகளில் தெளிக்கச் சொன்னார் கோல்மன். காய் மீது படிந்த செம்பு, வித்தை முளைக்கவிடாமல் கொன்றது. இன்றும் தோட்டக்காரர்கள் கைக்கொள்ளும் முறை இதுவே.

பின்னர் சமஸ்தானத்தின் முதல் விவசாய டைரக்டரானார். பெங்களூர் ஹெப்பாலில் விவசாயப் பள்ளி, 1925-ல் பாலெஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம், மாண்டியாவில் சர்க்கரை ஆலை ஆகியவற்றிலெல்லாம் அவர் பங்கு உண்டு.

1954-ல் கனடாவில் காலமானார். தாம்பூலத் தட்டை நீட்டும்போது அவரை நினைப்பவர் சிலரே. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் கமுகின் உச்சியில் தெளிக்கப்படும் அந்த நீல மருந்து அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.