கல்லில் நகர் கண்ட மாமல்லன்

செங்கற்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் சென்றால், சாலை கடைசியில் கடலைக் கண்டு நின்று விடுகிறது. அங்கே இருக்கிறது மாமல்லபுரம். இன்று சிற்பிகளின் உளி ஓசையும் உல்லாசப் பயணிகளின் கூட்டமும் நிறைந்த சிறிய ஊர். ஆனால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இது ஒரு பேரரசின் துறைமுகப் பட்டினம். அதற்குத் தன் பட்டப் பெயரையே சூட்டிய மன்னன்தான் முதலாம் நரசிம்மவர்மன் என்னும் மாமல்லன்.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு மாமல்லனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிவகாமி கற்பனைப் பாத்திரம். மாமல்லனோ சரித்திர புருஷன். அவனுடைய உண்மைக் கதை நாவலுக்குக் குறைந்ததல்ல.

தந்தை பட்ட அவமானம்

மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் பெரிய கலாரசிகன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மலையைக் குடைந்தே கோவில் எடுக்கலாம் என்று காட்டியவன். மண்டகப்பட்டுக் கல்வெட்டு இதைப் பெருமையோடு சொல்கிறது. செங்கற்பட்டுக்கு அருகே வல்லத்தில் உள்ள குடைவரையும் அவன் காலத்ததே.

ஆனால் கலை வளர்ந்த அதே நாளில் பகையும் வளர்ந்தது. வாதாபியிலிருந்து சளுக்க மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும் படையுடன் தெற்கே வந்தான். பல்லவ மன்னன் காஞ்சிக் கோட்டைக்குள் ஒடுங்க நேர்ந்தது என்று புலிகேசியின் ஐஹொளெ சாசனம் கி.பி. 634-ல் பறைசாற்றியது. பகைவன் கல்லில் எழுதி வைத்த இந்த அவமானம், தந்தையின் சிம்மாசனத்தோடு சேர்ந்தே மாமல்லனிடம் வந்தது.

வாதாபி வீழ்ந்தது

சுமார் கி.பி. 630-ல் மாமல்லன் அரியணை ஏறினான். புலிகேசி மறுபடியும் வந்தான். இம்முறை கதை மாறியது. பரியளம், தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நடந்த போர்களில் புலிகேசி முதுகு காட்டினான். அந்த முதுகையே பட்டயமாக்கி மாமல்லன் வெற்றி என்ற எழுத்துக்களைப் பொறித்தான் என்று கூரம் செப்பேடு வருணிக்கிறது.

அத்தோடு அவன் நிற்கவில்லை. கி.பி. 642-ல் பல்லவ சேனை வாதாபிக்குள் புகுந்தது. படைத் தலைமையில் இருந்த பரஞ்சோதி பின்னர் வாளைத் துறந்து, சிறுத்தொண்ட நாயனாராகிப் பெரிய புராணத்தில் இடம் பெற்றார். மாமல்லன் ‘வாதாபி கொண்டான்’ என்ற விருது பெற்றான். வாதாபிப் பாறையில் அவன் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

ஆனால் இந்த வெற்றி எத்தனை காலம் நிலைத்தது? சுமார் 13 ஆண்டுகள்தான். கி.பி. 655-ல் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் தலைநகரை மீட்டு விட்டான்.

கடல் மல்லையின் உதயம்

போரில் பெற்றது நழுவியது. கல்லில் படைத்தது நிலைத்தது. மாமல்லனுக்கு முன்பே இங்கே ஊர் உண்டு. பூதத்தாழ்வார் அவதரித்த தலம் இது என்பது வைணவ மரபு. அந்தக் கடற்கரை ஊரை உலகம் அறிந்த பட்டினமாக்கிய பெருமை மாமல்லனுடையது.

தந்தை மலையைக் குடைந்தான். மகன் பாறையையே கோவிலாகச் செதுக்குவித்தான். மேலிருந்து கீழாக உளி வைத்து உருவாக்கிய பஞ்ச பாண்டவர் ரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே கல். சுமார் 90 அடி நீளமும் 40 அடி உயரமும் உள்ள அர்ச்சுனன் தபசுப் பாறையில் தேவர், நாகர், யானைக் கூட்டம், பொய்த்தவம் செய்யும் பூனை எல்லாம் உயிரோடு நிற்கின்றன. இவை யாவும் ராஜசிம்மன் காலத்தவை என்று வாதிட்ட அறிஞரும் உண்டு. எனினும் ரதங்களும் தபசுப் பாறையும் மாமல்லன் காலத்தில் தொடங்கியவை என்பதே பெரும்பாலோர் கொள்கை.

அந்நாளில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும், 10,000 பிக்குகளும், சுமார் 80 தேவாலயங்களும் இருந்ததாக எழுதி வைத்தார். காஞ்சி கல்வி நகரம். மல்லை அதன் கடல் வாசல். நாடிழந்து தஞ்சம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குப் பல்லவன் இருமுறை கடற்படை அனுப்பி அரசு வாங்கிக் கொடுத்தான் என்று இலங்கை நூலான சூளவம்சம் கூறுகிறது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் நிலை என்ன? உலகை ஆண்ட ரோமாபுரி இளைத்துக் கிடந்தது. கி.பி. 663-ல் அங்கே வந்த சக்கரவர்த்தி இரண்டாம் கான்ஸ்டன்ஸ், பாந்தியன் ஆலயக் கூரையின் வெண்கலத் தகடுகளையே பெயர்த்துச் சென்றான். மல்லையிலோ பெயர்த்துச் செல்ல உலோகமே இல்லை, எல்லாம் கல்!

வாழ்வும் தாழ்வும்

சுமார் கி.பி. 668-ல் மாமல்லன் மறைந்தான். ரதங்கள் முற்றுப் பெறாமலே நின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கடற்கரைக் கோவிலை எழுப்பினான். திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லை, செல்வம் குவிந்த துறைமுகம்.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் பல்லவ அரசை வீழ்த்தினான். ஆட்சி பீடம் தஞ்சைக்குப் போயிற்று. நாகப்பட்டினம் பெரிய துறையாயிற்று. மல்லையை எவரும் கொளுத்தவில்லை. ராஜராஜன் காலத்திலும் கடற்கரைக் கோவிலில் பூஜை நடந்தது. ஆனால் காஞ்சியின் அரசும் செல்வமும் பின்னால் இல்லாத வாசலுக்கு வேலை ஏது? பிற்காலத்தில் கடற்கால் தூர்ந்ததும் ஐரோப்பாவின் புரூஜ் நகரம் இப்படித்தான் ஒடுங்கியது.

கடலும் தன் பங்கைச் செய்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நடந்த ஆராய்ச்சியில், அருகே சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் புதைந்திருந்த பழைய முருகன் கோவில் வெளிப்பட்டது. அதன் செங்கல் அடித்தளம் பல்லவருக்கும் முந்தியது.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் சற்று இறங்குங்கள். பழைய மன்னன் கந்தசிஷ்யன் அவ்வூர்க் கோவிலுக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் காத்தபடியே தானும் காப்பதாக ஒரு மன்னன் அங்கே கல்வெட்டில் சொல்கிறான். அவன் வேறு யாருமல்ல. பல்லவ அரசை வீழ்த்திய அதே ஆதித்த சோழன்தான்!

வாதாபி கைவிட்டுப் போயிற்று. காஞ்சி அரசும் போயிற்று. மாமல்லன் செதுக்குவித்த கல்லையும் காத்த தருமத்தையும் வென்றவனும் அழிக்கவில்லை. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற அந்தக் கற்களுக்கு முன் நிற்கும்போது, ஒரு நகரம் எதனால் வாழ்கிறது என்பது நமக்கு விளங்கும்.