பிரான்ஸ் நிஸ்ஸல்

பிரான்ஸ் நிஸ்ஸல் (செப்டம்பர் 9, 1860 – ஆகஸ்ட் 11, 1919) ஜெர்மனியைச் சேர்ந்த உளநோய் மருத்துவரும் நரம்பு நோயியலாளரும் ஆவார். மூளைத் திசுவிலுள்ள நரம்பணுக்களை நுண்நோக்கியில் தெளிவாகக் காட்டும் நிஸ்ஸல் சாயமுறையை உருவாக்கியவர் இவரே. ஒரு நரம்பணு நலமாக உள்ளதா, நலிந்துள்ளதா, இறந்துவிட்டதா என்று பிரித்தறிய இம்முறை அடிப்படையாக அமைந்தது.

வாழ்க்கை

நிஸ்ஸல் பிராங்கென்தால் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இலத்தீன் ஆசிரியர். மகன் கத்தோலிக்கக் குருவாக வேண்டும் என விரும்பினார். நிஸ்ஸலோ மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். மாணவராக இருக்கும்போதே, 1884 இல், மூளைப் புறணியின் நரம்பணுக்களைப் பற்றி எழுதிப் பரிசு பெற்றார். பேராசிரியர் குடென் அவரைத் தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார். 1886 இல் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குடன் ஏரியில் இறந்து கிடந்தவர் இதே குடென்தான்.

1889 இல் பிராங்க்ஃபுர்ட் மனநல மருத்துவமனையில் சேர்ந்த நிஸ்ஸலுக்கு அங்கு அலாய்சு ஆல்சைமர் நெருங்கிய நண்பரானார். பிற்காலத்தில் ஆல்சைமர் நோய்க்குப் பெயர் தந்தவர் இவரே. 1895 இல் கிரெப்பெலினின் அழைப்பை ஏற்று நிஸ்ஸல் ஹைடெல்பர்க் சென்றார். 1904 இல் அங்குப் பேராசிரியரானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

சாயமுறை

நிஸ்ஸல் திசுவை ஆல்ககாலில் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி, கார இயல்புடைய சாயத்தில் ஊறவைத்தார். நரம்பணுவின் உடலில் அடர்நிறத் துணுக்குகள் தோன்றின. இவை இன்று நிஸ்ஸல் துணுக்குகள் எனப்படுகின்றன. புரதம் உருவாக்கும் ரைபோசோம்கள் செறிந்த பகுதிகளே இவை என்பது 1950களில் எதிர்மின்னி நுண்நோக்கி மூலம் தெரியவந்தது.

1892 இல் அவர் முயலின் முக நரம்பைப் பிடுங்கி, அந்நரம்பு புறப்படும் மூளைப் பகுதியை ஆராய்ந்தார். அங்குள்ள உயிரணுக்களில் துணுக்குகள் கரைந்திருந்தன. இந்த மாற்றம் இறப்பைக் குறிப்பதன்று; இத்தகைய உயிரணு மீளவும் கூடும். வளர்ந்த விலங்கில் பல உயிரணுக்கள் மீள்கின்றன. அதே நரம்பைப் பிறந்த குட்டியில் அறுத்தால் பெரும்பாலானவை அழிகின்றன. குடென் வெறுங்கண்ணால் கண்ட இந்த அழிவு, திட்டமிடப்பட்ட உயிரணு இறப்பு என்பது பின்னரே புலப்பட்டது.

நிஸ்ஸலின் சாயத்தைவிட முக்கியமானதாகக் கருதத்தக்கது அவர் வகுத்த ஒரு நெறி. நுண்நோக்கியில் காண்பது உயிருள்ள அணுவை அன்று, பதப்படுத்தலும் சாயமும் சேர்ந்து தரும் அதன் ஈட்டுருவை மட்டுமே என்றார் அவர். ஆகவே நலமான திசுவையும் நோயுற்ற திசுவையும் ஒரே முறையில் பதப்படுத்தினாலன்றி ஒப்பிடல் செல்லாது. இந்நெறியைக் கைவிட்டால், திசுவைக் கையாளும்போது நசுங்கிக் கருத்த அணுவும் இறந்த அணுவாக எண்ணப்பட்டுவிடும்.

பிற்கால முறைகள்

கெர், வில்லி, கரி ஆகியோர் 1972 இல் இவ்வகை இறப்புக்கு அப்போப்டோசிஸ் எனப் பெயரிட்டனர். 1992 இல் டியூனல் முறை வந்தது. டி.என்.ஏ இழைகளின் முறிந்த முனைகளில் ஒரு நொதியின் உதவியால் அடையாளப் பொருளை இணைப்பது இம்முறை. ஆனால் காயத்தால் மடிந்த அணுக்களும், உடல் இறந்தபின் சிதைந்தவையும் இதில் நிறம் பெறக்கூடும். எனவே ஆய்வாளர்கள் காஸ்பேஸ்-3 நொதியின் செயலூக்க வடிவத்தை எதிர்ப்பொருளால் தேடுவதுடன், அடுத்த சீவலை கிரெசில் ஊதாவால் நிஸ்ஸல் முறையில் சாயமேற்றி, உட்கரு உருண்டு திரண்டுள்ளதா என்றும் பார்க்கின்றனர்.

இறப்பு

1918 இல் கிரெப்பெலின் மியூனிக்கில் நிறுவிய உளநோய் ஆராய்ச்சி நிலையத்தில் நிஸ்ஸல் சேர்ந்தார். நெடுநாள் வருத்திய சிறுநீரக நோயால் மறு ஆண்டே காலமானார்.