மண்ணின் வரவு செலவு

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியல் கற்று, மும்பையில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் சிற்றூர்ப் பணிக்குத் திரும்பினார்.

மண்ணையும் அவர் கணக்கர் கண்கொண்டே நோக்கினார். விளைச்சல் எடுத்துச்செல்லும் சத்து, சாணமாகவும் மட்கிய தழையாகவும் வயலுக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிடில் முதலே கரைந்துவிடும். இரசாயன உரம் பயிரை விரைந்து வளர்க்குமேயன்றி மண்ணை வளர்க்காது என அவர் கருதினார். உழவு எந்திரத்தையும் அவர் விரும்பவில்லை; அது சாணம் இடாது அல்லவா?

விடுதலைக்குப்பின் அரசு வேறு வழியை நாடியது. 1951இல் சிந்திரியில் பெரிய உர ஆலை இயங்கத் தொடங்கியது. குமரப்பா தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவுநாளன்று, மறைந்தார்.